கொள்ளை நோயின் கணக்கு



கவிதைக்கென்று கூடும் அவையில் கணக்குக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடை தமிழிலேயே இருக்கிறது. எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தொகை காணுதல் என்றும் பொருள்; சிந்தித்தல் என்றும் பொருள். எண்ணிக்கை வேறு, எண்ணம் வேறு என்று பிற்காலத்தில் பிரிந்துபோனாலும் வேர் ஒன்றுதான். எண்ணாமல் எண்ண இயலாது என்று கருதிய ஒரு மக்கள் கூட்டத்தின் மொழி இது.

நோயையும் இம்மொழி தன் வழியில் எண்ணியிருக்கிறது. ஊரையே வாரிக்கொண்டு போகும் பிணிக்குக் கொள்ளை நோய் என்று பெயர் வைத்தது. பெரியம்மையை அம்மை என்றே அழைத்தது. வாசலில் வேப்பிலை செருகியது. 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்று தாழ்ந்த குரலில் சொன்னது. எப்போது வரும், யாரைத் தொடும், எந்த நாளில் விலகும் என்று அறிய முடியாத ஒன்றிடம் காட்டப்பட்ட மரியாதை அது. அச்சமும் அதில் உண்டு. அம்மை இறங்கிவிட்டாள் என்ற சொல் வீட்டில் ஒலிக்கும் வரை தாய்மார் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

கொள்ளை நோய் ஏன் வருகிறது என்று எல்லோரும் கேட்டார்கள். அது ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். ஊரில் பாதிப் பேர் நோய் காணாமல் நல்ல உடலோடு இருக்கும்போதே நோய் தானாக ஓய்ந்துவிடுவது ஏன்? கிருமி களைத்துப்போய்விட்டதா? கொள்ளைக்காரன் மனம் மாறிவிட்டானா? இந்தக் கேள்விக்குக் கணக்கில் விடை தேடிய மூவரைப் பற்றியதே இவ்வுரை. மூவரில் இருவர் இந்தியாவில் பணி செய்தவர்கள். முதலாமவர் கவிஞரும்கூட.

ரொனால்டு ராஸ் 1857 மே 13ஆம் நாள் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தார். சிப்பாய்க் கிளர்ச்சி மீரட்டில் வெடித்து மூன்றே நாள் ஆகியிருந்தது. தந்தை படைத்தளபதி. மகன் எழுத்தாளனாகவோ ஓவியனாகவோ வாழ விரும்பினான். தந்தை மருத்துவம் படிக்க வைத்தார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தபோதும் ராஸின் மனம் மருந்தில் இல்லை. கவிதை எழுதினார், நாவல் எழுதினார். 'கடலின் குழந்தை' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நாவல் 1889இல் அச்சேறியது. இடையில் தமக்குத் தாமே ஆசானாக இருந்து உயர்கணிதம் கற்றார். பணிக்குத் தேவை என்று அதைக் கற்கவில்லை. கவிதையைப் போலவே கணிதமும் அவருக்கு ஓர் அழகாகத் தோன்றியிருக்கிறது.

1883இல் பெங்களூரில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை அவர் தம் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். தங்கியிருந்த வீட்டில் கொசுத் தொல்லை. வெளியே இருந்த நீர்த்தொட்டியைப் பார்த்தார், புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசுக்கள் குறைந்தன. படை விடுதியிலும் இப்படிச் செய்யலாமே என்று அதிகாரியிடம் சொன்னபோது, கொசுவும் ஏதோ ஒரு நோக்கத்துக்காகப் படைக்கப்பட்டது, இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கலாகாது என்று அவர் மறுத்துவிட்டார். வேப்பிலை செருகிய தாய்க்கும் அந்த வெள்ளைக்கார அதிகாரிக்கும் வேறுபாடு உண்டு. தாய்க்கு வேறு வழி தெரியாது. அதிகாரிக்கு வழியைக் காட்டியும் பயனில்லை.

செகந்தராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் நடந்ததைப் பள்ளிப் பாடநூல்கள் சொல்கின்றன. மலேரியா நோயாளி உசேன் கானைக் கொசுக்கள் கடிக்கச் செய்து, கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் அவருக்குக் கொடுத்து, அக்கொசுக்களை நாள்தோறும் ஒன்றிரண்டாக அறுத்துப் பார்த்து, ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்நிலையை ராஸ் கண்டார். அன்றைய மகிழ்ச்சியை அவர் கவிதையாகவே எழுதி மனைவிக்கு அனுப்பினார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். உசேன் கானுக்குக் கிடைத்தது பத்துக் கொசுக்களுக்குப் பத்தணா.

பாடநூல்கள் அத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. ராஸின் உண்மையான போராட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கொசுவே நோயைச் சுமக்கிறதென்றால் கொசுவைக் குறைத்தால் நோய் குறையும் என்று அவர் வாதிட்டார். உலகில் கடைசிக் கொசு வரை ஒழித்தால்தானே நோய் ஒழியும், அது நடக்கிற காரியமா என்று பிறர் கேட்டார்கள். லாகூருக்கு அருகே மியான்மீர் படைமுகாமில் சோதனை ஒன்றும் நடந்தது. வாய்க்கால்களைச் சீர்செய்து, குட்டைகளைத் தூர்த்தார்கள், மலேரியா போகவில்லை. கொசு ஒழிப்பு வீண்வேலை என்று அரசு மருத்துவர் பலரும் முடிவு கட்டினார்கள். முகாம் சிறியது, சுற்றிலுமிருந்து கொசுக்கள் பறந்து வந்து நிரப்பிக்கொண்டே இருக்கும் என்று ராஸ் மறுத்தார். எவ்வளவு தொலைவிலிருந்து எத்தனை கொசுக்கள் வந்து சேரும் என்பதையே 1904இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர் மாநாட்டில் கணக்காகப் பேசினார். கேட்டவர்கள் மருத்துவர்கள். அவர்களில் பலர் கணக்கைக் கண்டு பள்ளியிலேயே ஓடிவந்தவர்கள்.

அவருடைய வாதத்தைச் சமன்பாடு இல்லாமலே சொல்லிவிடலாம். ஒரு சிற்றூரில் ஒருவருக்கு மலேரியா வந்திருக்கிறது என்று கொள்வோம். அவர் குணமாகும் வரை அவரை அறுபது அனாபிலிஸ் கொசுக்கள் கடிக்கின்றன. கொசுவின் உடலில் கிருமி முதிர்வதற்குப் பத்து நாளுக்கு மேல் வேண்டும்; அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் செத்துவிடும். மூன்றில் ஒன்று பிழைக்கிறது என்றால் இருபது. அந்த இருபதிலும் பல, மாட்டைக் கடிக்கும். நோய் வந்தவரையே மீண்டும் கடிக்கும். யாரையும் கடிக்காமலே மடியும். நான்கில் ஒன்று புதிய மனிதரைத் தொற்றச் செய்கிறது என்றால் ஐந்து. ஆக, ஒரு நோயாளியிலிருந்து ஐந்து நோயாளிகள். ஐவரிலிருந்து இருபத்தைந்து பேர். ஊர் விழுந்துவிடுகிறது. இப்போது கொசுக்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டால், அறுபது என்பது பன்னிரண்டாகி, பன்னிரண்டு நான்காகி, நான்கு ஒன்றாகிறது. ஒருவரிலிருந்து ஒருவர். அதற்கும் சற்றுக் கீழே இறங்கினால் ஒரு நோயாளி தமக்குப் பதிலாக இன்னொருவரை விட்டுச்செல்ல முடிவதில்லை. பிள்ளையற்ற குடி போல நோய் தானே அற்றுவிடுகிறது. கொசுக்கள் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கும். கடைசிக் கொசுவைத் தேடிப் போகவேண்டியதில்லை.

இந்த வரம்பைத்தான் ராஸ் கண்டார். மொரீஷியஸ் தீவைப் பற்றி 1908இல் எழுதிய அறிக்கையிலும், மலேரியாத் தடுப்பு பற்றிய தம் பெருநூலின் 1911ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அதை விரித்துரைத்தார். நீர் நிறைந்த வயலில் வரப்பு ஒரு சாண் தாழ்ந்தால் பயிர் முழுவதும் மூழ்குகிறது. ஒரு சாண் உயர்ந்தால் தப்புகிறது. சிறு வேறுபாடு முழு வேறுபாடாக மாறும் இடம் அது.

பின்னாளில், கணித மேதையான ஹில்டா ஹட்சன் அம்மையாரைத் துணையாகக் கொண்டு, 1916இலும் 1917இலும் ராஸ் ஒரு பொதுக் கோட்பாட்டை எழுதினார். மனிதருக்கு நேரும் நிகழ்ச்சிகள் இரு வகை என்றார். விபத்தைப் போல ஒருவருக்கு நேர்வது மற்றவரைப் பொறுத்திராதவை ஒரு வகை. ஏற்கெனவே எத்தனை பேருக்கு நேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெருகுபவை மற்றொரு வகை. தொற்றுநோய் இரண்டாம் வகை. அந்த வகையில் நோயோடு சேர்த்து, கொள்கை பரப்பும் சங்கங்களையும், தொழிற்சங்கங்களையும், அரசியல் கட்சிகளையும் அவர் வரிசைப்படுத்தினார். இலக்கிய வட்டங்களை அவர் குறிப்பிடவில்லை. ஆயினும் ஒரு வாசகர் ஒருவரையேனும் அழைத்து வராத வட்டம் பத்தாம் ஆண்டு மலர் வெளியிடுவதில்லை என்பதை இந்த அவை அறியும்.

1901இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்கு மலேரியாத் தடுப்புக்காக ராஸ் சென்றபோது உடன் சென்ற இளம் மருத்துவர் ஆண்டர்சன் கிரே மெக்கென்ட்ரிக். எடின்பரோவைச் சேர்ந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, பின்னர் இமயமலைச் சாரலில் கசவுலியில் உள்ள பாஸ்டர் நிலையத்தின் இயக்குநராக இருந்தார். ராஸிடமிருந்து அவருக்குத் தொற்றியது மலேரியா அன்று, கணக்கு. 1911இல் எம். கேசவ பை என்னும் இந்தியருடன் சேர்ந்து நுண்ணுயிர்களின் பெருக்கத்தை அவர் ஆராய்ந்தார். மக்கள் பெருகிக்கொண்டே போவார்கள், உணவு பின்தங்கும் என்று மால்தஸ் 1798இல் எச்சரித்திருந்தார். சோதனைக் குழாய்க்குள் இருக்கும் கிருமி உலகில் அதை நாள் கணக்கில் காணலாம். முதலில் இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி விரைகிறது. உணவு குறையக் குறைய வேகம் தளர்கிறது. கடைசியில் ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. அந்த ஆய்வுரையில் ஆங்கிலேயர் பெயரோடு கேசவ பையின் பெயரும் சமமாக நிற்கிறது. 1911இல் அது எளிதில் நடக்கக்கூடியதன்று.

மெக்கென்ட்ரிக் 1926இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இந்தியக் கிராமம் ஒன்றின் வாந்திபேதிக் கணக்கு இருக்கிறது. கணித வரலாற்றில் அதற்கு இணையான சிறுகதை வேறொன்று இல்லை என்றே சொல்லலாம். அந்த ஊரில் 223 வீடுகள். 168 வீடுகளில் ஒருவருக்கும் நோயில்லை. 32 வீடுகளில் ஒவ்வொருவர். 16 வீடுகளில் இவ்விருவர். 6 வீடுகளில் மும்மூவர். ஒரு வீட்டில் நால்வர். மொத்தம் 86 பேர். இவ்வளவுதான் தகவல். ஊரின் பெயரும் இல்லை, யார் வீடு எங்கே என்பதும் இல்லை.

மழைத்துளிகள் முற்றத்துக் கற்களில் விழுவதுபோல நோய் தற்செயலாக வீடுகளில் விழுந்தது என்று கொண்டால், ஒரு துளி விழுந்த கல் எத்தனை, இரண்டு விழுந்தது எத்தனை, மூன்று விழுந்தது எத்தனை என்பதைக் கொண்டு, ஒன்றும் விழாத கல் எத்தனை இருக்கவேண்டும் என்று கணித்துவிடலாம். மெக்கென்ட்ரிக் கணித்தார். நோய் கண்ட 55 வீடுகளின் கணக்கு அதன் போக்கில் சரியாகவே இருந்தது. ஆனால் அதற்கேற்ப நோயின்றித் தப்பியிருக்கவேண்டிய வீடுகள் ஏறத்தாழ 37 மட்டுமே. தப்பியவையோ 168. மீதமுள்ள நூற்றுமுப்பது வீடுகள் ஏன் தப்பின? அவற்றின்மேல் மழையே பெய்யவில்லை என்பதுதான் ஒரே விடை. ஊரில் பல கிணறுகள் இருக்கவேண்டும். ஏறத்தாழ 93 வீட்டார் மட்டும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கவேண்டும். கெட்டது அந்தக் கிணறு என்று அவர் முடிவு செய்தார். ஊரில் விசாரித்தபோது அப்படியே இருந்தது. ஊரின் ஒரு பகுதியினர் நீர் எடுத்த ஒரு கிணறு நஞ்சாகியிருந்தது.

யார் எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்பது இந்தியக் கிராமத்தில் எப்படி முடிவாகும் என்பதைத் தமிழ்க் கதைகளும் கவிதைகளும் நிறையவே சொல்லியிருக்கின்றன. மெக்கென்ட்ரிக்கின் கட்டுரை அதைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய எண்கள் கிணறு வரை வந்து நிற்கின்றன. கிணற்றைச் சுற்றியிருந்த மனிதர்களை அடுத்து வருகிறவர்தான் பார்க்கவேண்டும்.

உடல்நலம் குன்றி 1920இல் தாயகம் திரும்பிய மெக்கென்ட்ரிக், எடின்பரோவில் மருத்துவர் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பேற்றார். அங்கே வில்லியம் ஓகில்வி கெர்மாக் என்னும் இளம் வேதியியலார் வந்து சேர்ந்தார். 1924 ஜூன் மாதத்தில் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த விபத்தில் காரம் தெறித்து, இருபத்தாறு வயதில் கெர்மாக்கின் இரு கண்களும் பறிபோயின. அதற்குப் பின்னும் அவர் ஆய்வை விடவில்லை. நூல்களையும் கட்டுரைகளையும் பிறர் படிக்கக் கேட்டார். சமன்பாடுகளை மனத்திலேயே எழுதி, மனத்திலேயே அழித்து, விடை கண்டார். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றிக் கேள்விப்பட்ட அவைக்கு இது விந்தையாகத் தோன்றாது. ஆயினும் அவதானிக்குக் கண் திறந்திருந்தது, அவை கைதட்டியது. கெர்மாக்குக்கு இருளும் எண்ணும் மட்டுமே துணை.

இந்த இருவரும் சேர்ந்து 1927இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டில் எழுதிய கட்டுரையே இன்றுவரை தொற்றுநோய்க் கணிதத்தின் அடித்தளம். அதன் உள்ளடக்கம் மிக எளியது. ஊர் மக்களை மூன்று அறைகளில் வைத்தார்கள். நோய் வரக்கூடியவர்கள் முதல் அறையில். நோய் கொண்டு பிறருக்குத் தொற்றச் செய்பவர்கள் இரண்டாம் அறையில். தொற்றும் நிலையிலிருந்து விலகியவர்கள் மூன்றாம் அறையில். முதல் அறைக்கும் இரண்டாம் அறைக்கும் இடையே கதவு திறப்பது, இரு அறையினரும் ஒருவரையொருவர் எத்தனை முறை சந்திக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டாம் அறையிலிருந்து மூன்றாம் அறைக்குப் போவது நாள்தோறும் ஒரு விகிதத்தில் நடந்துகொண்டே இருக்கும்.

தொடக்கத்தில் முதல் அறை நிறைந்திருக்கிறது. நோயாளி எங்கே திரும்பினாலும் நோய் வரக்கூடியவரே எதிர்ப்படுகிறார், நோய் பெருகுகிறது. நாள் போகப் போக முதல் அறை காலியாகிறது. நோயாளி சந்திப்பவர்களில் பலர் ஏற்கெனவே நோய் கண்டு மீண்டவர்கள். அவர் மூச்சு வீணாகிறது. ஒரு நோயாளி ஒருவரைக்கூடத் தொற்றச் செய்ய முடியாத நிலை வந்ததும் நோய் இறங்குமுகமாகிறது. அப்போதும் முதல் அறையில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் தொடக்கத்தில் இருவரைத் தொற்றச் செய்யும் நோய் என்றால், அது அடங்கும்போது நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேரைத் தொட்டிருக்கும். 20 பேர் அதன் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். அந்த இருபது பேரின் உடலில் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அரணாக நின்றது அந்த எண்பது பேரின் நோய். கொள்ளைக்காரன் மனம் மாறவில்லை, கிருமியும் களைக்கவில்லை. அதற்கு வழியடைத்தவர்கள் நோயுற்று மீண்டவர்களும் மாண்டவர்களும்.

மாண்டவர்களும் என்ற சொல்லை அத்தனை விரைவாகக் கடந்துவிட முடியாது. மூன்றாம் அறையில் இருப்பவர்கள் யார்? குணமடைந்து வேலைக்குத் திரும்பியவர்கள். அவர்களோடு சுடுகாட்டுக்குப் போனவர்கள். சமன்பாட்டுக்கு இருவரும் ஒன்று. இருவரும் இனி யாருக்கும் நோயைத் தரமாட்டார்கள் என்பது மட்டுமே அதற்குத் தேவை. மகன் மீண்டான் என்று குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்த தாயும், மகன் மாண்டான் என்று மார்பில் அறைந்துகொண்ட தாயும் ஒரே கூட்டல் குறியின் இரு புறத்திலும் நிற்கிறார்கள். கவிஞருக்கு இது பொறுக்காது, பொறுக்கவும் கூடாது. ஆனால் அந்த அறையை அமைத்த மெக்கென்ட்ரிக் நோயாளியைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்; கெர்மாக் தாமே ஒரு விபத்தில் எல்லாவற்றையும் இழந்தவர். இருவருக்கும் அந்த வேறுபாடு தெரியாமல் இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணினால்தான் மூன்றாம் அறைக்குப் போகாமல் காக்கப்படக்கூடியவர் எத்தனை பேர் என்று தெரியும் என்பதால் அவ்வாறு எண்ணினார்கள்.

இந்த முரண் பழையது. 1760இல் டேனியல் பெர்னூலி பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் பெரியம்மைக் கணக்கு ஒன்றை வைத்தார். அம்மைப் பாலை எடுத்துக் கீறி ஏற்றும் வழக்கம் அப்போது ஐரோப்பாவில் பரவியிருந்தது. அதனாலேயே சிலர் இறந்தார்கள். ஆனாலும் எல்லோருக்கும் செய்தால் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதத்திலிருந்து 29 ஆண்டு 9 மாதமாக உயரும் என்று அவர் கண்டார். மற்றொரு கணித மேதையான தாலம்பேர் எதிர்த்தார். இன்று கீறிக்கொள்பவன் சில நாளில் சாகக்கூடும். கிடைக்கப்போகும் ஆயுளோ முதுமையின் கடைசியில் சேரும் சில ஆண்டுகள். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எப்படி என்று கேட்டார். அரசுக்குச் சராசரி போதும், தாய்க்குப் போதாது. பெர்னூலியின் கணக்கு சரி. தாலம்பேரின் கேள்வியும் சரி. இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கேள்வி தீரவில்லை. தடுப்பூசிக்குத் தயங்கி நிற்கும் ஒவ்வொரு வாசலிலும் அது கேட்கப்படுகிறது.

கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் தங்கள் கணக்கைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டது பம்பாய்ப் பிளேக். 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை வாரந்தோறும் பதிவான சாவுகள். தாளில் புள்ளிகளைக் குறித்தார்கள். புள்ளிகள் மெல்ல ஏறி, மலையாகி, மெல்ல இறங்கின. அவர்களுடைய வளைகோடு 17ஆம் வாரத்தில் 890 என்ற உச்சியைத் தொட்டு, புள்ளிகளின் மேலேயே படிந்து சென்றது. அந்த வரைபடம் புகழ்பெற்றது. பாடநூல் தோறும் அச்சாயிற்று.

அதில் ஒரு குறையும் உண்டு. பம்பாயில் பிளேக்கைப் பரப்பியது எலியும் எலியின் தெள்ளுப்பூச்சியும். மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராகத் தொற்றும் நோய்க்கென்று அமைத்த சமன்பாடு அதற்கு முழுதும் பொருந்தாது. மனிதர் நோய் எலி நோயின் நிழல்தான் என்பதை இருவரும் கட்டுரையிலேயே குறிப்பிட்டு எச்சரித்தார்கள். வெயில் ஏறியதும் தெள்ளுப்பூச்சிகள் குறைவதும் நோய் இறங்கியதற்குக் காரணம் என்று பிற்கால ஆய்வாளர் காட்டினார்கள். ஆகவே வளைகோடு பொருந்திவிட்டது என்பதாலேயே விளக்கம் சரி என்று ஆகிவிடாது. யாப்பு தவறாத செய்யுளெல்லாம் கவிதை ஆகிவிடுவதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்கவேண்டியதில்லை. எச்சரிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அச்சிட்டவர்களின் பிழை அது. எழுதியவர்களின் பிழை அன்று.

கணக்கு களத்தில் இறங்கியது 1950களில். லண்டனில் வெப்பமண்டலச் சுகாதாரப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் மக்டொனால்டு ராஸின் கணக்கைக் கையிலெடுத்துப் பார்த்தபோது, கொசுவின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுளே முதன்மையானது என்பது தெரிந்தது. கிருமி முதிர்வதற்குப் பத்து நாள் வேண்டும் என்று கொண்டால், நாள்தோறும் நூற்றுக்குத் தொண்ணூறு கொசுக்கள் பிழைக்கும் ஊரில், பத்து நாள் கழித்து முப்பத்தைந்து எஞ்சும். நாள்தோறும் எழுபதுதான் பிழைக்கும் என்றால் பத்து நாள் கழித்து எஞ்சுவது மூன்றுக்கும் குறைவு. ஆகவே கொசு பிறக்கும் இடத்தைத் தேடி அலைவதைக் காட்டிலும், கடித்துவிட்டு அது ஓய்ந்து உட்காரும் வீட்டுச் சுவரில் மருந்து அடிப்பது மேல். டிடிடி தெளிப்பான்களைத் தோளில் மாட்டிய ஊழியர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கியதற்கும், சுவரில் தேதி எழுதிப் போனதற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது.

பயன் கண்கூடு. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாக மதிப்பிடப்பட்டது. 1965இல் அது ஏறத்தாழ ஒரு லட்சமாக இறங்கியது. இலங்கையில் 1963ஆம் ஆண்டு முழுவதிலும் பதிவானவர்கள் 17 பேர். பதினேழே பேர்! நோய் ஒழிந்தது என்று எண்ணிக் கைகள் ஓய்ந்தன. தெளிப்பு நின்றது. 1969இல் இலங்கையில் நோய் கண்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் 1976இல் அறுபத்து நான்கு லட்சத்துக்கும் மேல். மருந்தை எதிர்த்து நிற்கும் கொசுக்கள், பணத் தட்டுப்பாடு, அலட்சியம் என்று காரணங்கள் பல. வரம்புக்குக் கீழே நோய் இறங்குவது வேறு. வரம்பையே மாற்றுவது வேறு. கொசுவும் குட்டையும் அப்படியே இருக்க நோயாளிகள் மட்டும் குறைந்திருந்தால், ஒரு தீப்பொறி போதும். ராஸின் கணக்கிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. படித்தவர்கள் வெற்றிப் பகுதியை மட்டும் படித்தார்கள். இலங்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, போர்க் காலத்தின் ஊடாகவும் அந்தப் பணியைக் கைவிடாமல், 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனத்திடம் பெற்றது.

2020இல் மூன்று அறைகளின் கணக்கு திண்ணைப் பேச்சு வரை வந்தது. அவ்வாண்டு மார்ச் 16ஆம் நாள் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வுக் குழு, ஒன்றுமே செய்யாவிட்டால் பிரிட்டனில் ஐந்து லட்சத்துப் பத்தாயிரம் பேர் வரை மாளக்கூடும் என்று கணித்தது. நாடுகள் கதவடைத்தன. சாவு அந்த எண்ணைத் தொடவில்லை. கணக்குப் பொய்த்தது என்று சிலர் எள்ளினார்கள். 'செய்யாவிட்டால்' என்ற சொல்லை அவர்கள் காதில் வாங்கவில்லை. சோதிடம் பலித்தால் சோதிடனுக்குப் பெருமை. இந்தக் கணக்கோ பலிக்காமல் போவதற்காகவே சொல்லப்படுவது. ஆனால் கதவடைப்பின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்கலாகாது. இந்திய நெடுஞ்சாலைகளில் மூட்டையும் குழந்தையுமாக நடந்த கூலித் தொழிலாளர்களுக்கு மூன்று அறைகளில் எதிலும் தனியிடம் இல்லை. சந்திப்புகளைக் குறைக்கவேண்டும் என்றது சமன்பாடு. சந்தித்தால்தான் அன்றைய கூலி என்றிருந்தவர்களைப் பற்றி எண்ணவேண்டியவர்கள் சமன்பாட்டுக்கு வெளியே இருந்தவர்கள்.

தட்டம்மையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பொருள் முடியாது. ஊர்ப்புறத்தில் மணல்வாரி என்பார்கள். தொற்றுநோய்களில் மிக வேகமாகப் பரவுவனவற்றுள் அது ஒன்று. நோய் காணாத மக்கள் நடுவே ஒரு குழந்தை பன்னிரண்டிலிருந்து பதினெட்டுப் பேருக்குத் தரும். பதினெட்டை ஒன்றுக்குக் கீழே இறக்கவேண்டுமானால், நோயாளி சந்திக்கும் பதினெட்டுப் பேரில் பதினேழு பேருக்காவது எதிர்ப்பாற்றல் இருக்கவேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று உலகெங்கும் சொல்லப்படும் இலக்கு இந்த வகுத்தலிலிருந்து வந்தது.

பிறந்த குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பாற்றல் சில மாதங்கள் துணைநிற்கும். பின்னர் அது தேய்ந்துவிடும். இந்தியாவில் தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை ஒன்பதாம் மாதம் முடிந்த பிறகே. இடையில் சில மாதங்கள் குழந்தையிடம் ஒன்றும் இல்லை. தாய் தந்தது தீர்ந்துவிட்டது. ஊசி தரவேண்டியது இன்னும் வரவில்லை. அந்த மாதங்களில் அக்குழந்தையைக் காப்பவர்கள் தெருவில் விளையாடும் மற்ற பிள்ளைகள், அடுத்த வீட்டார், பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ளும் முன்பின் அறியாத பெண். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஊசி போட்டிருந்தால் நோய் அந்த மடி வரை வருவதில்லை. எண்பது பேர்தான் என்றால் வந்துவிடும். அந்தப் பதினைந்து பேரும் தங்கள் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தபோது, அந்தக் குழந்தை அவர்கள் எண்ணத்திலும் இல்லை, எண்ணிக்கையிலும் இல்லை.